உழவரிடம் பாடம் கேட்ட விஞ்ஞானி – சர் ஆல்பர்ட் ஹோவர்ட்



டிப்ளமோ படிக்கிறோம் என்று சொன்னவுடன் சிலர் முகம் ஒரு மாதிரியாகப் போகும். டிப்ளமோதானா, அடுத்து பி.இ. சேரலையா என்று ஒரு கேள்வி வரும். அவர்களுக்கெல்லாம் ஒரு செய்தி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1896-ஆம் ஆண்டு இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறிய ஓர் இளைஞர், அதோடு நிற்காமல் 1897-இல் அங்கேயே விவசாயத்தில் டிப்ளமோ வாங்கினார். ஆமாம், பட்டத்துக்கு மேலே டிப்ளமோ! அவர்தான் சர் ஆல்பர்ட் ஹோவர்ட். இன்று உலகம் முழுக்க இயற்கை விவசாயம், மக்கு உரம் என்று பேசுகிறார்களே, அந்தப் பேச்சுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் இவர். அந்தப் பாடத்தை இவர் படித்தது கேம்பிரிட்ஜில் இல்லை. நம் இந்திய மண்ணில், எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களிடம்!

மலருக்கு வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும் என்றதும் நண்பர்கள் எடிசன், விசுவேசுவரய்யா என்று ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். நான் இவரை எடுத்ததற்குக் காரணம் உண்டு. நான் விவசாயி மகன். எங்கப்பா ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் அமுக்கிப் பார்ப்பார், விரலால் உதிர்ப்பார். இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்பார். ஏன் என்று கேட்டால் பதம் வரலை என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த ரெண்டு நாள் கழித்து ஏர் பிடித்தால் மண் கட்டி தட்டாமல் பொலபொலவென்று வரும். இந்த வாய் பேசாத அறிவை அறிவு என்று ஒப்புக்கொண்ட விஞ்ஞானி யாராவது உண்டா என்று தேடியபோதுதான் ஹோவர்ட் கிடைத்தார்.

பண்ணையில் பிறந்தவர்

1873 டிசம்பர் 8-இல் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் பிஷப்ஸ் காசில் என்ற சிற்றூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் பிறந்தார். விவசாயக் குடும்பம். ஆடு மாடுகளோடும் வயலோடும் வளர்ந்தவர். லண்டன் சவுத் கென்சிங்டனில் ராயல் காலேஜ் ஆஃப் சயின்ஸ், பிறகு கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி என்று படிப்பு நடந்தது.

1899-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு, பார்படாஸுக்கு வேலைக்குப் போனார். பூஞ்சை நோய் நிபுணர் என்பது பதவி. கரும்பில் வரும் நோயை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பார்த்து யோசனை சொல்ல வேண்டும். அதோடு சுற்றியுள்ள சின்னத் தீவுகளுக்கும் போய் வந்தார். அங்கே கொக்கோ, ஜாதிக்காய், வாழை, கரும்பு பயிரிடுகிறவர்களோடு பழகியபோது ஒரு விஷயம் அவரை உறுத்தியது. தனக்கென்று ஒரு துண்டு நிலம் இல்லை. தான் சொல்லும் யோசனையைத் தானே செய்து பார்க்க வழியில்லை. அப்படியிருக்க, பயிரோடு வாழ்கிறவனுக்குத் தான் எப்படிப் பாடம் சொல்வது? படித்தவர்களுக்கு லேசில் வராத கேள்வி இது!

1903-இல் இங்கிலாந்து திரும்பி, கென்ட் பகுதியில் வை என்ற ஊரில் இருந்த விவசாயக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பீர் தயாரிப்புக்குப் பயன்படும் ஹாப்ஸ் கொடியை ஆராய்ந்தார். தோட்டத்தில் ஆண் கொடிகளையும் விட்டுவைத்து, பெண் பூக்கள் மகரந்தச் சேர்க்கை பெற்றால் கொடி நன்றாக வளர்கிறது என்று காட்டினார். செடியை அதன் இயல்போடு விட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேயே விழுந்துவிட்டது.

பூசாவில் புதுப் பள்ளிக்கூடம்

1905-இல் இந்திய அரசின் பொருளாதாரத் தாவரவியல் அறிஞராகப் பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். அதே ஆண்டு கேப்ரியல் மாத்தேயை மணந்தார். கேப்ரியல் சாதாரணப் பெண் இல்லை. கேம்பிரிட்ஜில் ஒளிச்சேர்க்கை பற்றி ஆராய்ச்சி செய்து பேர் வாங்கிய விஞ்ஞானி. இந்தியாவில் இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள், சேர்ந்தே எழுதினார்கள். 1913-இல் கேப்ரியலுக்கும் அரசாங்கம் அதிகாரபூர்வமான தாவரவியல் பதவி கொடுத்தது. ஹோவர்ட் பெயர் வரும் இடத்தில் எல்லாம் இந்த அம்மையாரின் பெயரும் வர வேண்டும்; பல புத்தகங்களில் வருவதில்லை என்பது வேறு கதை.

பூசாவில் ஹோவர்ட் கேட்டு வாங்கியது நிலம். சுமார் 75 ஏக்கர் கிடைத்தது. இனி யோசனை சொல்வதற்கு முன் தானே செய்து பார்க்கலாம். ஆனால் எதைச் செய்வது? சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்துக் கிராமத்து வயல்களில் பயிர் ஆரோக்கியமாக நின்றது. பூச்சித் தாக்குதல் அவ்வளவாக இல்லை. மருந்தும் அடிக்கவில்லை. ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சிக்கு ஒரு நிபுணர், பூஞ்சைக்கு ஒரு நிபுணர், வேதியியலுக்கு ஒரு நிபுணர். கிராமத்தில் யாரும் இல்லை. பயிர் மட்டும் ஜோராக இருக்கிறது! வேறொரு அதிகாரியாக இருந்தால் இதைக் கண்டும் காணாமல் போயிருப்பார். ஹோவர்ட் என்ன செய்தார் தெரியுமா? அந்த உழவர்களையே தன் வாத்தியார்களாக வைத்துக்கொண்டார். பயிரைத் தாக்கும் பூச்சியையும் இன்னொரு வாத்தியாராகச் சேர்த்துக்கொண்டார். பூச்சி வந்தால், நிலத்திலோ ரகத்திலோ சாகுபடியிலோ ஏதோ கோளாறு என்று அது சொல்லிக்கொடுக்கிறது. அதைக் கொல்வதற்கு முன் அது சொல்வதைக் கேள் என்பது அவர் கொள்கை.

உழவர்கள் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை. கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. அவர்கள் செய்வதைப் பார்த்தார், திரும்பத் திரும்பப் பார்த்தார். தானியத்தோடு பயறு வகையைக் கலந்து விதைக்கிறார்கள்; கோதுமையோடு கொண்டைக்கடலை, சோளத்தோடு துவரை. பயறு வகையின் வேர் முடிச்சு காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கிறது என்பதை ஐரோப்பிய விஞ்ஞானம் 1880-களில்தான் நிரூபித்தது. நம்ம ஊர் ஆட்கள் அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே விதையைக் கலந்துவிட்டார்கள். ஊரை ஒட்டிய வயல்களில் மட்டும் விளைச்சல் ஏன் தூக்கலாக இருக்கிறது என்று பார்த்தார். ஊரின் கழிவு அந்த மண்ணுக்குத் திரும்பிப் போகிறது, அதுதான் சங்கதி. பள்ளம் தோண்டி வேர்களைப் பார்த்தார். மழைக்காலத்தில் நீர் தேங்கினால் மண்ணுக்குள் காற்று போகாமல் வேர் மூச்சுத் திணறுவதைக் கண்டார்.

அவருடைய உழவு மாடுகளைப் பற்றி ஒரு செய்தி உண்டு. தன் நிலத்தில் நல்ல முறையில் விளைந்த தீவனத்தையே மாடுகளுக்குக் கொடுத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கோமாரி கண்ட மாடுகள். இவருடைய மாடுகள் அவற்றோடு மூக்கை உரசியும் நோய் தொற்றவில்லை என்று எழுதி வைத்தார். இதிலிருந்து நல்ல மண், நல்ல பயிர், நல்ல உடல் என்ற சங்கிலியை அவர் பிடித்துக்கொண்டார்.

நிலையத்து வேலையையும் விடவில்லை. ஹோவர்ட் தம்பதியர் உருவாக்கிய பூசா 4, பூசா 12 ஆகிய கோதுமை ரகங்கள் வட இந்தியாவில் பெரிய பரப்பில் பயிராயின. விளைச்சலோடு மாவு எப்படி அரைபடுகிறது, ரொட்டி எப்படி வருகிறது என்பதையும் சோதித்தார்கள். குவெட்டாவில் பழ ஆராய்ச்சி செய்தபோது மரத்தோடு நிற்கவில்லை. ரயிலில் போகும் பழம் நசுங்காமல் சந்தைக்குப் போய்ச் சேரப் பெட்டியும் அடுக்கும் முறையும் எப்படி இருக்க வேண்டும் என்பது வரை போனார்கள். மண்ணில் தொடங்கிச் சாப்பிடுகிறவன் தட்டு வரை உணவு ஒரே வலை என்பதை அவர்கள் வேலையே காட்டியது.

பதம் என்றால் என்ன?

இங்கே கொஞ்சம் நிறுத்தி, நம்ம ஒர்க்‌ஷாப்புக்குள் ஒரு நடை போய்விட்டு வருவோம். ஃபவுண்டரியில் மோல்டிங் மணலை எப்படிப் பார்க்கிறோம்? ஒரு பிடி அள்ளி இறுக்கி அமுக்குகிறோம். கையைத் திறந்தால் விரல் அச்சு பதிந்திருக்க வேண்டும். உடைத்தால் விளிம்பு உதிராமல் இருக்க வேண்டும். ஈரம் இத்தனை சதவீதம் என்று புத்தகத்தில் இருக்கிறது. இருந்தாலும் பழைய மோல்டருக்கு அந்தச் சதவீதம் தேவையே இல்லை. அதேபோல லேத் ஓடும் சத்தத்தை அடுத்த அறையிலிருந்து கேட்டே, கட் அதிகம் கொடுத்துவிட்டான் என்று சொல்கிற இன்ஸ்ட்ரக்டர்களை நமக்குத் தெரியும்.

வாயால் முழுசாகச் சொல்ல முடியாத இந்த அறிவைப் பற்றி மைக்கேல் போலன்யி என்ற அறிஞர் 1958-லும் 1966-லும் புத்தகங்கள் எழுதினார். அவரும் வேதியியலிலிருந்து தத்துவத்துக்கு வந்தவர். ஹோவர்ட் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பெயர் வைக்கப்படுவதற்கு முன்பே அந்த அறிவை மதித்து அதன் காலடியில் உட்கார்ந்தவர் அவர். நம் பாட்டிமார் இதற்கு ஒரே சொல் வைத்திருந்தார்கள்: பதம்.

இந்தூர் முறை

பூசாவில் ஒரு பிரச்சினை. ஒரே பயிரைத் துறை துறையாகக் கூறு போட்டார்கள். வேர் ஒருவருக்கு, பூச்சி ஒருவருக்கு, மண் ஒருவருக்கு. முழுப் பயிரைப் பார்க்க ஆள் இல்லை. உழவனோ முழுசாகத்தான் பார்க்கிறான். ஹோவர்டுக்கு இது பிடிக்கவில்லை. 1924-இல் மத்திய இந்தியாவில் இந்தூரில் புதிய நிலையம் தொடங்கி அதன் இயக்குநரானார். 300 ஏக்கர் நிலம். கரிசல் மண், பருத்திப் பூமி.

அங்கேதான் புகழ்பெற்ற இந்தூர் கம்போஸ்ட் முறை உருவானது. இலை, களை, வைக்கோல், தட்டை என எல்லாப் பயிர்க்கழிவும் சேரும். அதோடு சாணம், மாட்டுக் கோமியம் ஊறிய தொழுவத்து மண், அடுப்புச் சாம்பல். 30 அடிக்கு 14 அடி குழி. ஆழம் 3 அடிக்கு மேல் போகக்கூடாது, போனால் அடியில் காற்று இருக்காது. அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, மூன்று தடவை புரட்டினால் சுமார் மூன்று மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு உரம் தயார். தொடக்கத்தில் குவியலுக்குள் வெப்பம் 65 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு ஏறும். பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் செய்கிற வேலை.

பருத்தி மார், துவரை மார் மாதிரி கட்டையான சரக்கு மக்காதே, என்ன செய்தார்? பண்ணைப் பாதையில் பரப்பிவிட்டார். போகிற வருகிற வண்டிச் சக்கரமும் மாட்டுக் குளம்பும் மிதித்து நொறுக்கிவிடும். மெஷினும் வேண்டாம், டீசலும் வேண்டாம்! மெக்கானிக்கல் மாணவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் சொக்கிப் போனேன்.

இதில் எந்த அளவு புதுசு, எந்த அளவு பழசு? நம் குப்பைக்குழி பழசு. சீன விவசாயிகளின் உரம் தயாரிப்பு பற்றி அமெரிக்கரான எஃப்.எச்.கிங் எழுதி 1911-இல் வந்த புத்தகமும் ஹோவர்டுக்கு வழிகாட்டியது. ஹோவர்டும் அவருடைய சகா யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளரும் அளந்தார்கள். கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் என்ன விகிதம், எப்போது புரட்ட வேண்டும், எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்கு எடுத்தார்கள். 1931-இல் இருவர் பெயரிலும் புத்தகம் வெளிவந்தது. கைப்பழக்கத்துக்கு எண் கிடைத்தது. எண்ணுக்கு ஊர் ஊராகப் பயணம் கிடைத்தது. தேயிலை, காபித் தோட்டங்கள் வரை அந்த முறை பல நாடுகளுக்குப் போனது.

அப்படிப் போயும் பதம் மட்டும் காகிதத்தில் முழுசாக ஏறவில்லை. குவியலில் ஈரம் போதுமா? கையில் பிழிந்து பார்க்க வேண்டும். கெட்ட வாடை வருகிறதா, ஈ மொய்க்கிறதா? உள்ளே காற்று இல்லை, புரட்டு. இதை மூக்கும் கையும்தான் சொல்லும். ஃபவுண்டரி மணலும் உரக்குழியும் ஒரே தேர்வைத்தான் வைக்கின்றன.

கடைசிக் காலமும் குன்னூர்த் தொடர்பும்

1930-இல் கேப்ரியல் காலமானார். அடுத்த ஆண்டு ஹோவர்ட் இந்தியாவை விட்டுப் போனார். பிறகு கேப்ரியலின் தங்கை லூயிஸை மணந்தார். 1934-இல் சர் பட்டம் வந்தது. 1940-இல் அவருடைய வேளாண் சாசனம் என்று சொல்லத்தக்க பெரிய நூல் வெளியானது. மண்ணிலிருந்து எடுப்பதை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். வயலில் விளைந்தது பட்டணத்துக்குப் போகிறது. பட்டணத்துக் கழிவு வயலுக்குத் திரும்பாவிட்டால் வலை அறுந்துவிடும்.

நம்ம தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. நீலகிரியில் குன்னூரில் டாக்டர் ராபர்ட் மெக்கரிசன் சத்துணவு ஆராய்ச்சி நடத்தினார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து, எது உடம்பைத் தேற்றுகிறது என்று பார்த்தார். தொழு உரம் போட்டு விளைந்த தானியத்தின் சத்து பற்றி அவரும் விஸ்வநாத்தும் 1926-இல் ஆய்வு முடிவு வெளியிட்டார்கள். 1939 மார்ச்சில் இங்கிலாந்தில் கிரூ நகரில் செஷயர் மருத்துவர்கள் கூட்டிய கூட்டத்தில் ஹோவர்டும் மெக்கரிசனும் ஒரே மேடையில் பேசினார்கள். ஒருவர் மண்ணைப் பற்றி, மற்றவர் உணவைப் பற்றி. இருவருக்கும் பாடம் கொடுத்தது இந்தியா.

1947 அக்டோபர் 20-இல் ஹோவர்ட் மறைந்தார். இந்தியா சுதந்திரம் பெற்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

இரண்டு பக்கமும் பார்ப்போம்

ஒருவரைப் புகழ்ந்தே எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. நல்ல மண் இருந்தால் நோயே வராது என்கிற அளவுக்குக் கடைசிக் காலத்தில் ஹோவர்ட் போனார். அதை எல்லா விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை. கோமாரிக்கு நம் மாடுகளுக்குத் தடுப்பூசி அவசியம். பண்ணை மாடுகள் தப்பின என்ற ஓர் அனுபவம் நிரூபணம் ஆகாது. அதேபோல உழவன் செய்வதெல்லாம் சரி என்றும் இல்லை. சாணத்தை வரட்டி தட்டி எரித்தால் வயலுக்கு நஷ்டம் என்று ஹோவர்டே காட்டினார். ஆனால் திட்டவில்லை. விறகு இல்லாததால் எரிக்கிறார்கள் என்ற காரணத்தையும் பார்த்தார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த குணம்.

இன்னொன்று. அந்த முறைக்கு இந்தூர் என்று ஊரின் பெயர் கிடைத்தது. உலகம் ஹோவர்டின் பெயரை வைத்துக்கொண்டது. பீகாரில் அவருக்கு வழி காட்டிய உழவன் பெயர் என்ன? விதையைப் பொறுக்கி எடுத்த பெண்ணின் பெயர் என்ன? முறையின் பெயரில் அவர்களுக்கு இடமில்லை. வாய் பேசாத அறிவுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு: எழுதியவனுக்குப் பேர்; செய்தவனுக்கு வெறுங்கை.

அதைவிடப் பெரிய ஆபத்து, யாருக்கும் சொல்லாமலே அது செத்துப் போவது. நம்மில் பாதிப் பேர் விவசாயக் குடும்பம். படிப்பு முடிந்ததும் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனிக்குப் போகப் போகிறோம். போவது தப்பில்லை, சம்பளம் வேண்டும். ஆனால் எங்கப்பா கையில் இருக்கிற பதம் அவரோடு போனால், அதை எந்த லைப்ரரியிலிருந்து திரும்ப எடுப்பேன்? நெல் எப்போது காய்ந்தது என்று பல்லில் கடித்துப் பார்க்கிற அறிவு, வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பிஞ்சா முற்றலா என்று சொல்கிற அறிவு, விதைக்கு எந்தக் கதிரை விடலாம் என்று தேர்ந்தெடுக்கிற அறிவு... உணவு வலையை இத்தனை காலம் அறுந்துபோகாமல் பிடித்திருந்த முடிச்சுகள் இவை. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும், கூடவே செய்தால்தான் தங்கும்.

ஆகவே நண்பர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். வருகிற விடுமுறையில் ஊருக்குப் போனால் பெரியவர் ஒருவர் கூட நாலு நாள் நில்லுங்கள். ஏன், எதற்கு என்று நச்சரிக்காமல் முதலில் செய்து பாருங்கள். பிறகு நம்மிடம் உள்ள தெர்மாமீட்டர், தராசு, நோட்டு இவற்றைக் கொண்டு அளந்து எழுதுங்கள். எழுதும்போது அந்தப் பெரியவர் பெயரையும், அவர் சம்மதித்தால், மேலே எழுதுங்கள். கையும் கணக்கும் சேர்ந்த படிப்பு நம்முடையது. இந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமான ஆள் யார்?

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்